பேச்சியின் பிள்ளையோடு பிளேன் ஏறிய நாள்

போடியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் இளம் நர்சுகள் மூன்று பேர் போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறார்களாம். கைக்குழந்தையை மதுரைக்கு அனுப்பினால் தாய் கட்டாயம் வண்டியில் கூட ஏற வேண்டும். "சில நேரம் இடம் பத்தாது மேடம். அம்மா ஏறினா நாங்க எறங்கணும். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. காபி கொடுத்து, வேறு பேச்சுப் பேசி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். சோளமும் கடலையும் போட்ட வீடு. மதுரையில் மூன்று வருஷம் நர்சுப் படிப்பு. முதல் வருஷம் அழுததும் அடுத்த இரண்டு வருஷம் அழ நேரம் இல்லாமல் போனதும்தான் அதில் ஞாபகம். முடித்த கையோடு போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து மருந்தகத்தில் வேலை கிடைத்தது. தகரக் கூரை, நான்கு கட்டில், ஊசி அவிக்க ஒரு விறகடுப்பு. சன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து உட்காரும்.

பக்கத்துத் தோட்டங்கள் ஏழெட்டுக்கும் சேர்த்து ஒரே டாக்டர். போடியில் குடியிருந்தார். பிறப்பால் மலையாளி. வாரத்துக்கு இரண்டு நாள் ஜீப்பில் ஏறி வருவார். அவர் பெயரை இங்கே எழுத வேண்டாம், நாங்கள் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பார். அதற்குப் பதில் சொன்னால் அதற்கும் ஒரு "ஏன்?" வரும். நான் சேர்ந்த முதல் வாரம், அவித்த ஊசியைச் சுத்தமான துணி என்று நம்பி ஒன்றால் துடைத்து நீட்டினேன். வாங்கி மேசைமேல் வைத்தார். "ஏன் துடைத்தாய்?" "ஈரமா இருந்துச்சு டாக்டர்." "ஈரம் நோயாளியை என்ன செய்யும்?" "ஒண்ணும் செய்யாது டாக்டர்." "துணி என்ன செய்யும்?" நான் ஊசியை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனேன். மறுபடி அவித்து முடிகிற வரை, காய்ச்சலில் கிடந்த ஆளின் பக்கத்திலேயே பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு மறந்துபோயிருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகள் முடியப்போகிற சமயம். காய் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு காலை, பேச்சி என்ற பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தாள். இருபது வயது இருக்கும். தேவாரத்துக்காரி. புருசன் ஊரில் வெள்ளாமைக் காட்டை யானை அழிக்காமல் காவல் காத்துக் கிடந்தான். பத்து மாதப் பெண் குழந்தை, ராசாத்தி.

"எல்லாரும் பொரையேறிருச்சுன்னு சொல்றாக நர்சம்மா. இருமி இருமி நீலம் பாரிச்சுப் போச்சு. பெறகு நின்னுருச்சு. ஆனா மூச்சு சரியில்ல."

பார்த்தால் பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. என் கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப் குழாயைப் பிடித்து இழுத்தது. நான் சட்டைமேலேயே வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் இல்லை என்றேன்.

பேச்சி போகவில்லை. "நெஞ்சுமேல போட்டுத் தூங்க வைக்கிறவ நானு. எனக்குத் தெரியும். இன்னொருக்கா பாருங்க" என்றாள்.

இரண்டாம் தடவை சட்டையைக் கழற்றினேன். இடது பக்கம் ஓர் இடம், வலது பக்கம் அதே இடம் என்று மாற்றி மாற்றி வைத்துக் கேட்டேன். பெரிய டாக்டர் அப்படித்தான் கேட்கச் சொல்லியிருந்தார். வலது பக்கம் கீழே காற்றுப் போகிற சத்தம் பாதிகூட இல்லை. மேலே மெல்லிய ஊதல்.

"என்ன தின்னுச்சு?"

"வறுத்த கடல. என் மடியிலருந்துதான் எடுத்துச்சு" என்றாள்.

மேனேஜர் பங்களாவிலிருந்து போடிக்குப் போன் செய்தோம். மத்தியானத்துக்குள் பெரிய டாக்டர் ஜீப்பில் வந்துவிட்டார். ஓட்டி வந்தவர் போடிக் காசிம் அண்ணன். டாக்டர் பிள்ளையை மடியில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு என்னிடம், "நீ முதலில் கேட்டபோது என்ன சொன்னாய்?" என்றார். ஒன்றும் இல்லை என்று சொன்னதைச் சொன்னேன். "பிறகு ஏன் மறுபடி கேட்டாய்?" "பேச்சி போகமாட்டேன்னு நின்னா டாக்டர்." அவர் பேச்சியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் யாரையும் பாராட்டி நான் பார்த்தது அவ்வளவுதான்.

நிலக்கடலைப் பருப்பு வலது நுரையீரலுக்குப் போகும் குழாயில் உட்கார்ந்துவிட்டது. இரும்போ கல்லோ என்றால் சில நாள் பொறுக்கலாம். கடலை ஊறும், வீங்கும், அதன் எண்ணெய் பட்ட இடம் புண்ணாகும். வாய் வழியாகக் குழல் விட்டு எடுக்க வேண்டும். பத்து மாதக் குழந்தைக்கு அதைச் செய்யக்கூடியவராக அவர் அறிந்த ஒரே சர்ஜன் சென்னையில் இருந்தார். ரயில் என்றால் ஒரு ராத்திரி முழுக்கக் கரிப்புகை, நெரிசல். மதுரையிலிருந்து பகலில் ஒரு பிளேன் திருச்சி வழியாகச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதிலும் அவருக்கு யோசனை. "உயரம் போனால் உள்ளே அடைபட்ட காற்று விரியும். ரொம்ப உயரம் போகக்கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பைலட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்.

பிள்ளை படுக்கக் கூடாது, நிமிர்ந்தே இருக்க வேண்டும், அழக் கூடாது. இதற்காக மேனேஜர் வீட்டம்மா அவர்கள் பையன் உட்கார்ந்து வளர்ந்த தள்ளுவண்டியைக் கொடுத்தார். கித்தான் இருக்கை, இரும்புச் சட்டம், சின்னச் சின்ன ரப்பர்ச் சக்கரம். தோட்டத்தில் அதைப் பிள்ளைவண்டி என்பார்கள். டாக்டர் ராசாத்தியை அதில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கம்பளியைச் சுருட்டிச் செருகி, இடுப்பையும் தொடையையும் மட்டும் பாண்டேஜ் துணியால் கட்டச் சொன்னார். நெஞ்சில் ஒரு நூல்கூடப் படக் கூடாது. முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். என்னைக் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்க்கச் சொன்னார். முதல் தடவை தடுமாறினேன். ஏழு தடவை கட்டி ஏழு தடவை அவிழ்த்தேன்.

பிறகு செய்முறை. மூச்சு போய்க்கொண்டிருக்கிற வரை தொடக் கூடாது, முதுகில் தட்டக் கூடாது. தட்டினால் கடலை இருக்கிற இடத்தை விட்டுக் கிளம்பி மேலே வந்து மொத்தத்தையும் அடைக்கும். தானாகவே அப்படி அடைத்து, அழுகைச் சத்தமே வராமல் வாய் மட்டும் திறந்தால், அப்போது யோசிக்கக் கூடாது. முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ, தோள்பட்டை நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்ட வேண்டும். "எத்தனை?" என்றேன். "மூச்சு வரும் வரை" என்றார்.

வண்டியோடு பிள்ளையை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றி, காய் மூட்டை கட்டும் கயிற்றால் சட்டத்தை இழுத்துக் கட்டினோம். பேச்சி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். டாக்டர் முன்னால். காசிம் அண்ணன் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், "தங்கச்சி, பள்ளம் வருது, புடிச்சுக்க" என்பார். பேச்சி வழியெல்லாம் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டே வந்தாள். போடி வந்து சேரும்போது விளக்கு வைக்கிற நேரம்.

டாக்டர் வீட்டில் இறங்கினோம். அவர் மதுரைக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்தார். நாளைய பிளேனில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். குழந்தைக்கு இடம் வேண்டியதில்லை. கூட ஒருத்தர்தான் போக முடியும்.

"சிஸ்டர் போகட்டும்" என்று என்னைக் காட்டினார்.

பேச்சி எழுந்து நின்றாள். "பால் குடுக்குறவ நானுங்கய்யா."

"ஒரு நாள் பால் இல்லாமல் இருப்பாள், மோளே. மூச்சு நின்றால் என்ன செய்வாய்?"

"சொல்லுங்க, செய்றேன். சிஸ்டரும் நேத்து தெரிஞ்சா வந்தாக? இன்னைக்கு நீங்க சொல்லித்தானே தெரிஞ்சுகிட்டாக."

டாக்டர் ஒரு தலையணையைப் பாண்டேஜால் பிள்ளைவண்டியில் கட்டி, "அவிழ்" என்றார். பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள், அவர் சொல்லாமலே. ஒரே இழுப்பு. தலையணை அவள் முன்கைக்கு வந்தது, தலைப்பக்கம் தாழ்ந்தது, உள்ளங்கையின் அடி சரியான இடத்தில் விழுந்தது. மருந்தகத்தில் டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் ஏழு தடவையில் பழகியதை அவள் ஒரே தடவையில் செய்தாள்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கிற பார்வை. அவர் என்னிடம் அப்படி அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. "அவளே போகட்டும் டாக்டர், கடிதம் இருக்கிறதே" என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் ஒத்துக்கொண்டிருப்பார் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் சொல்லவில்லை. காரணங்கள் இருந்தன. பைலட்டோடு இங்கிலீஷில் பேச வேண்டியிருக்கும், சென்னையில் வழி கேட்க வேண்டியிருக்கும், சர்ஜனிடம் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டியிருக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் என் மனசுக்குள் அந்த நேரம் ஓடியது அது மட்டும் இல்லை. ராசிங்காபுரத்துக் காட்டில் கடலை பிடுங்கும்போது தலைக்கு மேலே போகிற பிளேனை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பெண் நான். மேலேயிருந்து பார்த்தால் மலை எப்படித் தெரியும் என்று ஆசை. ஒரு பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது எனக்கு அந்த ஆசை இருந்தது.

"சிஸ்டர்தான்" என்று டாக்டர் முடித்தார். பேச்சி மறுபடி வாதாடவில்லை. என்னிடம் மட்டும், "நீங்க பிள்ள பெத்திருக்கீகளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரி" என்றாள்.

விடியும் முன்பே கிளம்பினோம். மற்றத் தோட்டத்து நோயாளிகளை விட்டு வர முடியாமல் டாக்டர் போடியில் நின்றுகொண்டார். பேச்சி மதுரை வரை வந்தாள். விமான நிலையம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பொட்டல் வெளி, ஒரு கட்டடம், ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கமே பேச்சியையும் காசிம் அண்ணனையும் நிறுத்திவிட்டார்கள். பேச்சி பால் பீய்ச்சி, அவித்த சீசாவில் ஊற்றித் தந்தாள். பிளேன் இறங்கும்போது காது அடைக்காமல் இருக்கப் பாலாடைச் சங்கில் ரெண்டு சொட்டு மட்டும் விடச் சொல்லியிருந்தார் டாக்டர்.

தரை முழுக்கச் சரளைக்கல். பிள்ளைவண்டியைத் தள்ளினேன், சக்கரம் புதைந்தது. அதனால் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு நடந்தேன். நான் பிளேனைப் பார்த்தபடி போக, பிள்ளை பேச்சியைப் பார்த்தபடியே வந்தது. அழவில்லை.

படிக்கட்டில் ஒரு சிப்பந்தி மறித்தார். வண்டியை மடக்கிச் சாமானோடு போட வேண்டும், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். மடியில் வைத்தால் பிளேன் குலுங்கும்போது பயத்தில் என் கை அவள் நெஞ்சை இறுக்கும் என்று சொன்னேன். விதி அதுதான் என்றார். நான் கடிதத்தை நீட்டி, பைலட்டைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று படியிலேயே நின்றேன். பைலட் வந்தார். வெயிலில் நின்று கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "எவ்வளவு உயரம் வரை தாங்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றேன், எனக்கு வந்த இங்கிலீஷில். அவர் தலையாட்டிவிட்டு, கடைசி இருக்கைக்குப் பின்னால் தபால் மூட்டைகள் கட்டுகிற இடத்தில் பிள்ளைவண்டியைக் கட்டச் சொன்னார். அந்தக் கடைசி இருக்கையில் இருந்த பெரியவர் எழுந்து எனக்கு இடம் மாறிக் கொடுத்துவிட்டு, முன் வரிசையில் போய் உட்கார்ந்தார். ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பேச்சி கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

தாழ்வாகப் பறந்ததால் பிளேன் வெயில் காற்றில் மாட்டு வண்டி மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டது. முன்னால் சிலர் வாந்தி எடுத்தார்கள். திருச்சி வரை ஒன்றும் நடக்கவில்லை. ராசாத்தி தூங்கிக்கூடப் போனாள். திருச்சியில் ஏறி இறங்கினவர்களின் சத்தத்தில் விழித்தாள். மறுபடி கிளம்பி ஒரு கால் மணி நேரம் இருக்கும். பெரிதாக ஒரு குலுக்கல். அவள் ஒரு தடவை இருமினாள். பிறகு வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

உதடு நிறம் மாறுவதைப் பார்த்தேன். முடிச்சை இழுத்தேன். அவிழ்ந்தது. அந்தப் பெரியவர் எழுந்து ஓடி வந்து, "நான் என்னம்மா செய்யணும்?" என்றார். "வண்டியப் புடிச்சுக்கங்கய்யா, என்மேல விழாம" என்றேன். முன்கையில் போட்டேன். ஒன்று. இரண்டு. அந்த இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. மூன்றாவதில் ஒரு கீச்சுச் சத்தம், அப்புறம் அழுகை. கடலை வெளியே வரவில்லை. பழைய இடத்துக்கே திரும்பிப் போயிருந்தது. போகட்டும், அந்த இடத்தில் இருந்தால் ஒரு நுரையீரலாவது மிச்சம். மறுபடி உட்காரவைத்துக் கட்டினேன். பெரியவர் சென்னை வரை பிள்ளைவண்டியின் கைப்பிடியை விடாமல் நின்றுகொண்டே வந்தார். உட்காரச் சொன்னார்கள், கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே சர்ஜன் அதை எடுத்துவிட்டார். அரைப் பருப்பு. வெள்ளைத் தட்டில் ஊறிக் கிடந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தது, ஆனால் இரண்டு பக்கமும் காற்றுப் போனது. நான் குழாயை வைத்து இடது, வலது என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த வார்டு சிஸ்டர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

இளம் நர்சு கேட்டதற்கு இதற்கு மேல் எனக்குப் பதில் இல்லை. அன்றைக்கு வானத்தில் ஒரு கை தேவைப்பட்டது, என் கை சரியாகச் செய்தது. பேச்சியின் கையும் செய்திருக்கும். படிக்கட்டில் சிப்பந்தியிடம் வாதாடியிருப்பாளா, தெரியாது. ஆனால் ஒன்றும் இல்லை என்று நான் சொன்ன பிறகும் மருந்தகத்தை விட்டு நகராமல் நின்றவள் அவள்தான். அதன் பிறகு எத்தனையோ பிள்ளைகளை ஜீப்பிலும் காரிலும் கீழே அனுப்பினேன். ஒரு இடம் மட்டும் இருந்தால், முதலில் தாய்க்குச் செய்முறை சொல்லிக்கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பேன். நன்றாகச் செய்தால் நான் இறங்கிக்கொள்வேன். சில தாய்மார் செய்தார்கள். சிலருக்குக் கை வரவில்லை, நான் போனேன். இதை விதியாக எழுத எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை வார்டு வாசலில் பேச்சி நின்றாள். விமான நிலையத்தை விட்டு ஜீப் வெளியே வந்ததுமே, "அண்ணே, ரயிலடியில எறக்கிவிடுங்க" என்றிருக்கிறாள். உன்னை மலைக்குக் கொண்டுபோய் விடச் சொல்லி டாக்டர் உத்தரவு என்று காசிம் அண்ணன் சொல்லிப் பார்த்திருக்கிறார். "டாக்டர் பிளேனுக்குத்தான் என்னைய வேணாம்னாரு. ரயிலுக்குச் சொல்லலையே" என்றாளாம். அவர் ஆஸ்பத்திரிப் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, சென்னைக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு சேர்த்து உட்காரவைத்திருக்கிறார். பால் கட்டி, ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்துப் போர்த்தி நின்றாள். ராசாத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். பேச்சி பிள்ளையைத் தொடவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவதை நின்று பார்த்தாள். பிறகு கட்டில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மேல வச்சு மூச்சு நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"எத்தன தட்டு?"

"மூணு."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. "பேச்சி, உன்னையவே அனுப்பச் சொல்லி நான் டாக்டர்ட்ட சொல்லியிருக்கலாம். அவரு என்னையப் பாத்தாரு. நான் வாயத் தெறக்கல. எனக்குப் பிளேன்ல போகணும்னு ஆச இருந்துச்சு" என்றேன்.

"தெரியும்" என்றாள். "படி ஏறயில திரும்பிப் பாத்தீக. ஒங்க மொகத்துல இருந்துச்சு."

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

அவளே மறுபடி கேட்டாள். "சரி, சொல்லுங்க. மேலருந்து பாத்தா நம்ம மலையெல்லாம் எப்படித் தெரிஞ்சுச்சு?"

அவள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. எனக்குப் பக்கத்திலேயே சன்னல் இருந்தது. மதுரையிலிருந்து சென்னை வரை நான் ஒரு தடவைகூட அதன் பக்கம் திரும்பவில்லை.

"பாக்கல பேச்சி. பிள்ள நெஞ்சத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்."

பேச்சி என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, எனக்கு இடம் விட்டாள்.